மிதிவெடி மணமும் றப்பர் பந்தும்

2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்து, ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தபோது, இடம்பெயர்ந்திருந்த சனம் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் திரும்பத் தொடங்கியது. கூரை போன வீட்டுக்கு ஓலை போடலாம், தூர்ந்த கிணற்றை இறைக்கலாம். வளவுக்குள் எங்கே கால் வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று சொல்லத்தான் ஆளில்லை. மண்டையோடு வரைந்த 'மிதிவெடி அபாயம்' பலகைகள் வேலியோரங்களில் நின்றன. பலகை இல்லாத இடத்தையும் நம்ப முடியாது. அந்த ஆண்டில் அமெரிக்க வெளியுறவுத் திணைக்களத்தின் செலவில் மொசாம்பிக்கிலிருந்து ஒரு வெடி அகற்றும் அணி குடாநாட்டில் வந்திறங்கியது. சொந்த நாட்டின் போர் விட்டுச்சென்ற வெடிகளுக்கிடையே வாழ்ந்த மனிதர்கள் அவர்கள். கூடவே நாய்களும் வந்தன. பிறகு இலங்கை இராணுவத்தின் வெடி அகற்றும் பிரிவுக்கும் இத்தகைய நாய்கள் கிடைத்தன. மார்ஷல் லெகசி இன்ஸ்டிடியூட் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் பணம் திரட்டி அவற்றைக் கொடுத்தது.

இந்த நாய் வேலை செய்வதைப் பார்ப்பவருக்கு முதலில் பெரிதாக ஒன்றும் நடப்பதாகத் தெரியாது. கையாளுநர் ஏற்கெனவே துப்புரவு செய்த ஒடுங்கிய பாதையில் நிற்பார். கையில் நீண்ட கயிறு. நாய் மூக்கை மண்ணோடு ஒட்டினாற்போல வைத்துக்கொண்டு, நேர்கோட்டில் சில மீற்றர் தூரம் முன்னே போய்த் திரும்பி வரும். பக்கத்தில் அடுத்த கோடு. மறுபடி போய் வரும். திடீரென்று ஓரிடத்தில் நடை தளரும். தாண்டிப்போன மூக்கு பின்னால் திரும்பும். ஒருமுறை, இருமுறை ஆழமாக முகரும். பிறகு நாய் அப்படியே உட்கார்ந்துவிடும். குரைக்காது, காலால் பிராண்டாது. உட்கார்ந்தபடி அந்த இடத்தையும் கையாளுநரையும் பார்க்கும். அவர் இடத்தைக் குறித்துக்கொண்டு நாயைத் திரும்ப அழைப்பார். பின்னர் மனிதர் ஒருவர் குப்புறப் படுத்தோ முழந்தாளிட்டோ அந்த இடத்தை அங்குலம் அங்குலமாகக் கிளறிப் பார்ப்பார்.

நாயின் இயல்புக்கு இது நேர் எதிரானது. மண்ணுக்குள் மணம் தட்டினால் தோண்டுவதுதான் நாய். எலி வளையைக் கண்ட ஊர் நாய் புழுதி பறக்கத் தோண்டுவதை எல்லோரும் பார்த்திருப்போம். மிதிவெடியின் மேல் அப்படிப் பிராண்டினால் நாயும் இல்லை, ஆளும் இல்லை. ஆயிரம் தலைமுறையாக உடம்பில் ஊறிய ஒரு செயலை நிறுத்தி, அந்த இடத்தில் வேறொரு செயலை வைத்திருக்கிறார்கள். அதுவும் அடிக்காமல், அதட்டாமல். இது எப்படி நடந்தது என்பது எனக்கு எப்போது யோசித்தாலும் வியப்பாக இருக்கிறது.

'அடியாத மாடு படியாது' என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அந்த வழியையும் பார்த்துவிட்டார்கள். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவம் வெடி தேட நாய்களைப் பழக்கியது. புதைத்த பொருளருகே நாய் மூக்கை வைத்தால் மின்னதிர்ச்சி. மண்ணுக்குள் ஏதோ தீயது இருக்கிறது என்று அஞ்சி நாய் நின்றுவிடும், அந்த அச்சத்தைப் பார்த்து நாம் வெடியைக் கண்டுகொள்ளலாம் என்பது கணக்கு. பயிற்சித் திடலில் கணக்குச் சரியாக வந்தது, போர்க்களத்தில் பிழைத்தது. அஞ்சும் நாய்க்குப் பாதுகாப்பான வழி, தேடாமலே இருப்பதுதான். அதே காலத்தில் பிரித்தானியர் இறைச்சித் துண்டைப் பரிசாகக் கொடுத்து நாய்களைப் பழக்கினார்கள். அந்த நாய்கள்தான் களத்தில் உதவின. இன்று உலகெங்கும் மிதிவெடி தேடும் நாய்கள் பரிசு வழியில்தான் பழக்கப்படுகின்றன.

பரிசு கிடைத்த செயல் மீண்டும் நிகழும் என்பது 1898இலேயே உளவியலாளர் எட்வர்ட் தோர்ண்டைக் பூனைகளைக் கூண்டில் வைத்துக் காட்டியதுதான். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. விலங்கு ஒருமுறையாவது தானாகச் செய்த செயலுக்குத்தான் பரிசு கொடுக்க முடியும். ஒருபோதும் செய்யாத செயலை எப்படிக் கற்பிப்பது? விடை கிடைத்த இடம் ஒரு மாவு ஆலை. 1943இல் மினியாபொலிஸ் நகரில் ஓர் ஆலையின் மேல்மாடியில் உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னரும் அவருடைய மாணவர்களும் அரசின் போர்க்கால ஆய்வு ஒன்றுக்காகப் புறாக்களைப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். ஓய்வான ஒரு நாளில், புறாவுக்குப் பந்து உருட்டக் கற்பிக்கலாம் என்று தோன்றியது. அலகால் பந்தைத் தட்டினால் தானியம் கொடுப்பது என்று முடிவு செய்து காத்திருந்தார்கள். புறா தட்டவேயில்லை. பொறுமை போய், பந்தைப் புறா ஏறிட்டுப் பார்த்ததற்கே தானியம் கொடுத்தார்கள். பிறகு பந்தை நோக்கித் தலையை அசைத்ததற்கு, பிறகு அலகு பட்டதற்கு. சில நிமிடங்களில் பந்து பெட்டியின் சுவர்களில் மோதித் தெறித்துக்கொண்டிருந்தது.

விலங்குப் பயிற்சியின் வரலாற்றில் இதைவிடப் பெரிய நாள் இல்லை என்பேன். முழுச் செயலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அந்தத் திசையில் உள்ள மிகச் சிறிய அசைவைப் பிடித்துப் பரிசு கொடு, அது நிலைத்ததும் சற்றுக் கூடுதலாகக் கேள். விஜயதசமியில் ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதுவிக்கிறோம். இதில் விரலைப் பிடிக்க யாரும் இல்லை. விலங்கே தன் விரலை அசைக்கிறது, எந்த அசைவு சரி என்று மட்டும் நாம் சொல்கிறோம். அதனால்தான் கற்றது அதற்குச் சொந்தமாகிவிடுகிறது.

'சரி' என்று சொல்லும் கணம்தான் பயிற்சியின் உயிர். நாய் சரியானதைச் செய்த கணத்துக்கும் இறைச்சி வாய்க்குப் போகும் கணத்துக்கும் நடுவே இரண்டு செக்கன் கழிந்தால், அந்த இடைவெளியில் நாய் தலையைத் திருப்பியிருக்கும், காதைச் சொறிந்திருக்கும். பரிசு அந்தச் சொறிதலுக்குப் போய்ச் சேரும். ஆகவே முதலில் ஓர் ஒலியைப் பரிசோடு பிணைக்கிறார்கள். 'டிக்' என்று ஒலிக்கும் சிறு கருவி, விசில், அல்லது எப்போதும் ஒரே தொனியில் சொல்லும் ஒரு சிறு சொல். ஒலி கேட்டால் பரிசு நிச்சயம் வரும் என்று நாய்க்குப் பதிந்துவிட்டால், அதன்பின் சரியான கணத்தை அந்த ஒலியால் குறித்துவிடலாம். 1952இல் 'லுக்' என்ற அமெரிக்கச் சஞ்சிகைக்காக ஸ்கின்னர் இதையே ஒலிக்குப் பதில் ஒளியால் செய்து காட்டினார். அக்னெஸ் என்ற புள்ளி போட்ட டல்மேஷன் நாய். சுவரில் கிடைக்கோடுகள். நாயின் தலை ஒரு கோட்டைத் தாண்டிய கணத்தில் புகைப்படக் கருவியின் ஒளி மின்னும், பிறகு இறைச்சி. கோட்டை மெல்ல மெல்ல உயர்த்திக்கொண்டு போனார்கள். ஏறத்தாழ 20 நிமிடத்தில் அக்னெஸ் சுவரை ஒட்டி எகிறிக் குதித்துக்கொண்டிருந்தது.

இத்தகைய அடையாளம் மூளைக்குள் என்ன செய்கிறது என்பதைப் பின்னாளில் நரம்பியலாளர் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளில் கண்டார். பழரசம் எதிர்பாராமல் கிடைக்கும்போது டொபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் துடிக்கின்றன. ரசத்துக்கு முன்னால் எப்போதும் ஓர் அடையாளம் வருமென்று குரங்கு கற்றுக்கொண்டால், துடிப்பு அடையாளத்துக்கு இடம் மாறிவிடுகிறது. ரசத்துக்கு அவை துடிப்பதில்லை. அடையாளம் வந்தும் ரசம் வராவிட்டால், வழமையான துடிப்பும் அடங்கிப்போகிறது. நாயிலும் இதைப் பார்க்க முடியுமா என்று 2012இல் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் கிரெகரி பேர்ன்ஸ் முயன்றார். மூளைப் படம் எடுக்கும் இயந்திரத்தின் இரைச்சலுக்குள் மயக்க மருந்தும் கட்டும் இல்லாமல் நாய் அசையாது படுத்திருக்க வேண்டும். அதற்கும் இதே வழிதான். முதலில் நாடியை ஒரு தாங்கியில் வைத்ததற்குப் பரிசு, பிறகு ஒரு செக்கன் வைத்திருந்ததற்கு, பிறகு காதுக்கு உறை போட்டுக்கொண்டு, பிறகு பதிவு செய்த இரைச்சலோடு. கடைசியில் நாய்கள் தாமாகவே இயந்திரத்துக்குள் ஏறிப் படுத்தன. இறைச்சி வரப்போகிறது என்று சொல்லும் கைச்சைகையைக் கண்டதுமே, பரிசோடு தொடர்புடைய மூளைப் பகுதி விழித்துக்கொண்டதைப் படம் காட்டியது.

மிதிவெடி நாய்க்கு இறைச்சி அல்ல, பெரும்பாலும் ஒரு றப்பர் பந்துதான் பரிசு. எல்லா நாயும் இதற்கு வாய்க்காது. புல்லுக்குள் எறிந்த பந்து கிடைக்கும் வரைக்கும் விடாமல் தேடும் குட்டியைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். ஜேர்மன் ஷெப்பேர்ட், பெல்ஜியன் மலினுவா இனங்களில் இந்த வெறி கூடுதல். பந்தின் மேல் உள்ள இந்த ஆசைதான் முதல் மூலதனம். இனி, மூக்குக்கும் பந்துக்கும் நடுவே படிகளைக் கட்ட வேண்டும்.

முதற்படியில் ஒரு தகரக் குவளைக்குள் வெடிமருந்தின் சிறு துணுக்கு இருக்கும். நாய் வழமையான ஆர்வத்தில் மூக்கை விடும். விட்ட கணத்தில் விசில், உடனே பந்து. சிலமுறை நடந்ததும் நாய் குவளையைத் தேடிப் போகத் தொடங்கும். இப்போது குவளைகள் மூன்று, ஒன்றில்தான் மருந்து. வெறுங்குவளையில் மூக்கை விட்டால் ஒன்றும் நடக்காது. திட்டு இல்லை, பந்தும் இல்லை. குவளைகள் ஆறாகும், எட்டாகும், இடம் மாறும். நாய் குவளையை விட்டுவிட்டு மணத்தைப் பிடித்துக்கொள்ளும் இடம் இதுதான். அடுத்தது காத்திருப்பு. மூக்கை வைத்ததும் வந்த விசில் இப்போது அரைச் செக்கன் தாமதிக்கிறது. நாய் மூக்கை எடுக்காமல் ஒரு கணம் கூடுதலாக வைத்திருக்கிறது, அந்தக் கணத்துக்கு விசில். பிறகு ஒரு செக்கன், இரண்டு செக்கன். என்ன செய்வதென்று தெரியாத நாய் மூக்கை எடுக்காமலே பின்புறத்தைத் தாழ்த்தி உட்காரப் பார்க்கும். உட்காருவது அதற்கு ஏற்கெனவே தெரிந்த வித்தை. அதற்குத்தான் பயிற்றுநர் காத்திருந்தார். விசில், பந்து, ஆரவாரம். அன்றிலிருந்து உட்கார்ந்தால்தான் பந்து.

இனி குவளை போய், மண். முதலில் மண்ணின் மேல், பிறகு மெல்லிய மணற்படையின் கீழ், பிறகு விரலளவு ஆழம், பிறகு கையளவு. இங்கே நாயை ஏமாற்றும் பல சங்கதிகள் உள்ளன. இன்று காலை புதைத்த பொருள் வெடிமருந்தாக மட்டும் மணப்பதில்லை. புரட்டிய மண் மணக்கும், நசுங்கிய வேர் மணக்கும், புதைத்தவரின் கை மணக்கும். நாய் இவற்றில் எதைக் கற்றுக்கொண்டதென்று நமக்கு எப்படித் தெரியும்? எனவே பயிற்சி வெடிகளை மாதக்கணக்கில் முன்னதாகவே புதைத்து, மேலே புல் முளைக்க விட்டுவிடுகிறார்கள். பக்கத்தில் வெறும் குழிகளைத் தோண்டி மூடுகிறார்கள். தகரப் பேணி, பிளாஸ்டிக் மூடி, பழைய கையுறை எல்லாவற்றையும் புதைக்கிறார்கள். அவற்றின் மேல் உட்கார்ந்த நாய்க்குப் பந்து இல்லை. இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டுபோனால் மிஞ்சுவது வெடிமருந்தின் மணம் ஒன்றுதான்.

இந்த வேலையில் மீறக்கூடாத ஒழுங்கு ஒன்று உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கடினமாக்கலாம். ஆழத்தைக் கூட்டினால் தூரத்தைக் குறைக்க வேண்டும். புதிய இடத்துக்குக் கொண்டுபோனால் மற்ற எல்லாவற்றையும் இலகுவாக்க வேண்டும். நாய் இரண்டு மூன்று முறை தவறினால் பிழை படியில் இருக்கிறது. அந்தப் படி உயரம், ஒரு படி இறங்கிவந்து மறுபடி ஏற வேண்டும். இதற்குப் பல மாதம் போகும். அவசரப்பட்ட பயிற்றுநரின் நாய் தேர்வில் தோற்கும். தேர்வில் தோற்காமல் களத்தில் தோற்பதுதான் பயங்கரம்.

நாயின் மூக்கு இதற்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. மணமறியும் உயிரணுக்கள் மனிதருக்குச் சுமார் 50, 60 இலட்சம். நாய்க்கு இனத்தைப் பொறுத்து 10 கோடியிலிருந்து 30 கோடி வரை. முகரும்போது செக்கனுக்கு ஐந்து தடவை அளவில் காற்றை இழுக்கும். வெளிவிடும் காற்று மூக்கின் பக்கத்துப் பிளவுகளால் பின்னோக்கிப் போவதால், முன்னால் உள்ள மணம் கலைவதில்லை. பல வெடிகளில் உள்ள ரிஎன்ரி என்ற வெடிமருந்து எளிதில் ஆவியாகும் பொருளல்ல. ஆனால் அதோடு கலந்திருக்கும் டிஎன்ரி என்ற கசடு கூடுதலாக ஆவியாகி, பிளாஸ்டிக் கூட்டையும் ஊடுருவிக் கசிந்து மண்ணுக்கு வரும். மேற்பரப்பில் அதன் அளவு எண்ணிப் பார்க்க முடியாத அற்பம். நாய்க்கு அது போதும்.

எங்கள் மண்ணுக்கும் வெயிலுக்கும் இதில் பங்குண்டு. வலிகாமத்துச் செம்மண் ஒன்று, தென்மராட்சியிலிருந்து பச்சிலைப்பள்ளிப் பக்கம் போகப்போக வரும் மணல் வேறொன்று. காய்ந்த மண் துகள்கள் வெடிமருந்தின் மூலக்கூறுகளை இறுகப் பற்றிக்கொள்ளும். சிறிது ஈரம் பட்டால் விட்டுவிடும். ஆகவே கோடையில் பனி விழுந்த விடியற்காலை மண் மணத்தைத் தரும், நண்பகல் மண் தராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தரை தண்ணீருக்குள் கிடந்தால் தேடலே இல்லை. வெயில் ஏறியதும் இன்னொரு தொல்லையும் வரும். நாய்க்கு உடம்பு குளிர நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்க வேண்டும். இரைக்கும் நாயால் ஒழுங்காக முகர முடியாது. எனவே காலை வேலைதான் வேலை.

ஏன் நாய், உலோகம் தேடும் கருவி போதாதா என்று கேட்கலாம். குடாநாட்டின் கழுத்தில் இருக்கிற முகமாலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2000இலிருந்து போரின் இறுதிக்கட்டம் வரை முன்னரங்கு அங்கேதான் கிடந்தது. பளைப் பக்கத்துத் தென்னந்தோட்டங்களுக்குள் எறிகணைச் சிதறல்களும் ரவைக் கோதுகளும் எண்ணிக்கையில்லாமல் விழுந்து கிடந்தன. கருவி ஒவ்வொன்றுக்கும் கத்தும். மறுபுறம், பாகிஸ்தான் தயாரிப்பான பி-4, புலிகள் தயாரித்த ரங்கன் 99 போன்ற மிதிவெடிகளில் உலோகம் மிகச் சொற்பம். இரும்புத் துண்டுக்குக் கத்தும் கருவி பிளாஸ்டிக் வெடிக்குத் தயங்கும். நாய்க்கு இரும்பு ஒரு பொருட்டேயல்ல.

ஆனாலும் முகமாலை போல வரிசையாக, நெருக்கமாக வெடி விதைத்த இடத்தில் நாயை விடுவதில்லை. மணம் எங்கும் பரவியிருக்கும் இடத்தில் எது எங்கிருந்து வருகிறதென்று சொல்லுவது நாய்க்குக் கடினம். அங்கே கடவுளைப்போல நம்ப வேண்டியது மனிதக் கையைத்தான். 2002 முதல் வடக்கில் வேலை செய்யும் ஹலோ ட்ரஸ்ட் என்ற வெடி அகற்றும் நிறுவனத்திலும் ஏனைய நிறுவனங்களிலும் பல பெண்கள், அதிலும் போரில் கணவரை இழந்த பலர், முழந்தாளிட்டு மண்ணைச் சுரண்டிச் சுரண்டி இந்த நிலங்களை மீட்டிருக்கிறார்கள். மணற்பாங்கான தரையில் நீண்ட பிடி போட்ட இரும்பு வாரியால் மண்ணை அடுக்கடுக்காக வாரியெடுக்கும் முறை வன்னியிலேயே உருவாகி வளர்ந்தது. நாயைப் புகழும்போது இவர்களை மறந்துவிடக் கூடாது. நாயின் இடம் வேறு. வெடி இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத பரந்த நிலத்தைச் சோதிப்பது, வெடிப்புலத்தின் எல்லை எங்கே முடிகிறது என்று காண்பது. மனிதர் ஒரு நாளில் சில சதுர மீற்றர் நகரும் இடத்தில் நாய் பன்மடங்கு நகரும். ஒரு நாய் பார்த்த கோட்டை இரண்டாவது நாயும் பார்க்கும். இரண்டும் உட்காராவிட்டால்தான் நிலம் தேறும்.

இந்த முறையை ஊர் நாயிலும் செய்து பார்க்கலாம். படலையில் ஆள் வந்தால் பாய்ந்து குரைக்கும் நாய் எங்கள் ஊர்களில் வீட்டுக்கு வீடு உண்டு. அதைச் சங்கிலியில் கட்டுவோம், தடியைக் காட்டுவோம். அதற்குப் பதிலாக, ஆள் வந்தால் திண்ணையோரம் விரித்த சாக்கில் போய்ப் படுக்கப் பழக்கலாம். அவித்த மீனையோ கோழியையோ நக அளவு துண்டுகளாக்கி வைத்துக்கொள்ளுங்கள். சாக்கை விரித்துவிட்டுச் சும்மா இருங்கள். நாய் சாக்கைப் பார்த்தால் 'சரி', ஒரு துண்டு. ஒரு கால் பட்டால் 'சரி'. பிறகு நான்கு காலும் ஏறினால்தான். பிறகு படுத்தால்தான். ஐந்து நிமிடத்தோடு நிறுத்துங்கள், நாய்க்கு இன்னும் ஆசை இருக்கும்போதே. சாக்கில் படுப்பது நிலைத்தபின் ஒருவர் படலைக் கொளுக்கியை மெல்லத் தொட்டு ஓசைப்படுத்தட்டும். நாய் எழும்பாவிட்டால் துண்டு. பிறகு படலை பாதி திறக்கும், முழுதும் திறக்கும், வீட்டு ஆள் ஒருவர் உள்ளே வருவார், அடுத்த வீட்டு மாமி வருவார், கடைசியில் ஹோர்ன் அடித்துக்கொண்டு மீன்காரர். மீன்காரரில் தொடங்கினால் முதல் நாளே எல்லாம் பாழ்.

இடையில் ஒன்றை எதிர்பார்த்திருக்க வேண்டும். குரைத்துக் குரைத்து உங்கள் கவனத்தைப் பெற்றுப் பழகிய நாய், நீங்கள் கவனிப்பதை நிறுத்தியதும் முதலில் இன்னும் பலமாகக் குரைக்கும். பழைய திறப்பு வேலை செய்யவில்லையென்று பலமாகத் திருகிப் பார்க்கிறது. அந்த நேரம் பார்த்து அப்பம்மா இரக்கப்பட்டு ஒரு பிஸ்கட் எறிந்தால், பலமாகக் குரைத்தால்தான் கிடைக்கும் என்பதை நாய் கற்றுக்கொள்ளும். வீட்டில் எல்லோரும் ஒரே ஒழுங்கைப் பிடிக்காவிட்டால் நாயைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

அடித்தும் பழக்கலாமே, நாய் பணிகிறதே என்பவர்களுக்குப் போர்த்துக்கல்லின் போர்ட்டோ நகரில் நடந்து 2020இல் வெளியான ஆய்வொன்று பதில் சொல்கிறது. பரிசு கொடுத்துப் பழக்கும் பள்ளிகளிலும் தண்டித்துப் பழக்கும் பள்ளிகளிலும் பயின்ற 92 வீட்டு நாய்களைப் பார்த்தார்கள். தண்டனைப் பள்ளி நாய்கள் பயிற்சியின்போது கூடுதலாகக் கொட்டாவி விட்டன, உதட்டை நக்கின, உடம்பை ஒடுக்கின. அவற்றின் உமிழ்நீரில் பதற்றத்தின் சுரப்பான கோர்ட்டிசோல் கூடியிருந்தது. பிறகு ஒரு சோதனை. அறையின் ஒரு பக்கத்துக் கிண்ணத்தில் எப்போதும் உணவு, மறுபக்கத்துக் கிண்ணத்தில் எப்போதும் இல்லை. இது பழகியபின் கிண்ணத்தை நடுவே வைத்தார்கள். பரிசில் பழகிய நாய்கள் உணவு இருக்கும் என்று நம்பி வேகமாகப் போயின. கடுந்தண்டனையில் பழகியவை தயங்கித் தயங்கிப் போயின. அடி ஒரு செயலை நிறுத்தியதோடு நிற்கவில்லை. உலகத்தில் தனக்கு நல்லது கிடைக்கும் என்ற நம்பிக்கையையும் குறைத்துவிட்டது.

அந்த நம்பிக்கை இல்லாத நாயால் மிதிவெடி தேட முடியாது. உண்மையான களத்தில் நாய் நாட்கணக்கில் தேடியும் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். இஸ்ரேலில் இரீத் காஸிட் என்பவரும் குழுவினரும் இதைச் சோதித்தார்கள். ஒரு பாதையில் எப்போதும் வெடிமருந்து இருக்கும், இன்னொன்றில் ஒருபோதும் இருக்காது. நாளடைவில் நாய்கள் வெறும் பாதையில் ஏனோதானோ என்று நடந்தன. பிறகு அந்தப் பாதையிலும் மருந்தை வைத்தபோது பலவற்றைத் தவறவிட்டன. மூக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. இங்கே ஒன்றும் இல்லை என்று நாய் முடிவுகட்டியிருந்தது. வெடியுள்ள நிலத்தில் அந்த முடிவுக்கு ஒரு பிள்ளையின் கால் விலையாகும்.

மறுபக்கத்துத் தவறும் உண்டு. நாய் நம் முகத்தைப் படிக்கும். 2011இல் அமெரிக்காவில் 18 மோப்ப நாய்களையும் அவற்றின் கையாளுநர்களையும் கொண்டு ஒரு சோதனை நடந்தது. மணம் எங்குமே வைக்கப்படவில்லை, ஆனால் இருக்கிறது என்று கையாளுநர்களிடம் சொல்லப்பட்டது. பெரும்பாலான தேடல்களில் 'கிடைத்துவிட்டது' என்ற அறிக்கை வந்தது. கயிறு ஒரு கணம் தளர்ந்ததும், மூச்சு ஒரு கணம் நின்றதும் நாய்க்குச் செய்தி. ஆகவே நல்ல பயிற்சியில் எங்கே புதைத்திருக்கிறது என்பது கையாளுநருக்கே தெரியாமல் வைத்திருப்பார்கள்.

இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. 2028க்குள் நாட்டை வெடியற்றதாக்க வேண்டும் என்பது இலக்கு. நெருக்கமான வெடி வரிசைகள் துப்புரவாகிக்கொண்டு போகப்போக, எஞ்சுவது ஐயத்துக்குரிய நிலங்கள்: ஒருவேளை ஒன்று இருக்கலாம், ஒருவேளை ஒன்றுமே இல்லை என்ற காணிகள். நாய் அதிகம் உதவக்கூடிய நிலமும் அதுதான், நாய் நம்பிக்கை இழக்கக்கூடிய நிலமும் அதுதான். எனவே நல்ல அணியில் கையாளுநர் வேலை தொடங்குமுன் நாயைப் பயிற்சிப் பாதையில் விட்டுப் பார்க்கிறார். அங்கே தெரிந்தே புதைத்த மருந்தை அன்று நாய் கண்டுபிடிக்காவிட்டால் களத்துக்குக் கொண்டுபோவதில்லை. கண்டுபிடித்து உட்கார்ந்தால் பந்து கிடைக்கும். வெறும் நிலத்தில் மணிக்கணக்காகத் தேடி முடித்த நாளிலும், கூட்டுக்குத் திரும்புமுன் அதே பாதையில் இன்னொரு முறை விட்டு, ஒன்றைக் கண்டுபிடிக்க வைத்துவிட்டுத்தான் நாயை வண்டியில் ஏற்றுகிறார்கள்.